கேம்ப்ஃபயருக்கு எரித்த கட்டை

சங்க நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் டிரையாண்ட்ரா தேசியப் பூங்காவில் நடந்த நம் முகாமின் படங்களையும் வீடியோவையும் நம் வாட்ஸ்அப் குழுவில் பார்த்தேன். பிள்ளைகள் சந்தோஷமாக இருந்தார்கள், அதில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் இருட்டுகிற நேரத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு வாண்டூ (அங்கே வளரும் யூகலிப்டஸ் வகை மரம்) கட்டையை உருட்டி வந்து தீயில் போட்டீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல். தேசியப் பூங்காவில் விழுந்து கிடக்கும் மரத்தை எடுக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முகாமுக்கு முன் நீங்கள் அனுப்பிய குறிப்பிலேயே கடைசி வரியாக அது இருந்தது.

அந்தக் கட்டை நடுவில் பொந்து விழுந்தது. வீடியோவில் தெளிவாகவே தெரிகிறது. வாண்டூ மரம் உயிரோடு நிற்கும்போதே கறையான் உள்ளே புகுந்து வைரத்தைத் தின்றுவிடும். அப்படி உள்ளீடற்றுப் போன கிளை முறிந்து விழுந்தால், அது நம்பட் என்ற அருகிவரும் சிறு விலங்குக்கு வீடு. ஒரு தலைமுறைக்குள் உருவாகிற பொருளல்ல அது. நம்பட் தின்பதும் கறையானைத்தான், ஒரு நாளைக்கு இருபதாயிரம் வரை. புற்றை உடைக்க அதன் நகத்துக்கு வலு கிடையாது. வெயில் ஏறி, கறையான் மண்ணின் மேல்மட்டத்துக்கு வரும் நேரத்தில் மேலாகக் கிளறித் தின்ன வேண்டும். அதனால் கங்காரு வகையறாவான மற்ற பைப்பாலூட்டிகள் பலவற்றைப் போல இரவில் ஒளிந்து திரிய இதற்கு வழியில்லை. பட்டப்பகலில், நரியும் பூனையும் பருந்தும் பார்க்க, ஒரு கிலோகூட எடையில்லாத பிராணி வெளியே வந்தாக வேண்டும். துரத்தினால் ஓடிப் புக ஒரு பொந்து வேண்டும், நரியின் தலை நுழையாத அளவில். சாயங்காலம் ஆனால் தூங்கவும் அப்படிப்பட்ட பொந்துக்குள் போகும்.

நீங்கள் உருட்டியதும் அந்தச் சாயங்கால நேரத்தில்தான். தீயில் போடும் முன் யாராவது உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தீர்களா?

இயற்கையாக நம்பட் தப்பிப் பிழைத்தது இந்த மாநிலத்தில் இரண்டே இடங்களில்: டிரையாண்ட்ராவும் பெரப்பும். டிரையாண்ட்ராவைச் சுற்றிலும் இருந்த காடு பெரும்பாலும் கோதுமை வயலாகிவிட்டது. காட்டில் எஞ்சியிருக்கும் நம்பட்டுகள் ஆயிரத்துக்கும் குறைவு என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். நரிக்கு விஷ இரை வைத்து, பெர்த் மிருகக்காட்சிசாலையில் குட்டி வளர்த்துக் காட்டில் விட்டு, டிரையாண்ட்ராவை 2022இல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்து இவ்வளவு பாடுபடுகிறார்கள். நாம் போய் பார்பிக்யூ போட்டுவிட்டு வருகிறோம்.

முகாம் டிஷர்ட்டில் நம்பட் படம் வேறு. மாநில விலங்கைக் கௌரவிக்கிறோமாம்! நெஞ்சில் நம்பட், நெருப்பில் அதன் வீடு. ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு, மறுநாள் காலை "ஒரு நம்பட்கூடக் கண்ணில் படல" என்று குறை. எப்படிப் படும்? இதே குழுதான் பொங்கல் விழாவை இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கிவிட்டு, வந்தவர்களுக்கு நேர ஒழுங்கு பற்றிப் பாடம் நடத்தியது. கணக்கு வழக்கைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

சரி, அது வேறு கதை, பொதுக்குழுவில் பேசிக்கொள்வோம். இப்போது கேட்பது ஒன்றுதான். விழுந்து கிடக்கும் கட்டையைத் தொடாதீர்கள். சின்னது, பெரியது, உளுத்தது, எதுவானாலும் வேண்டாம். பெட்ரோல் பங்கிலேயே மூட்டையில் விறகு விற்கிறார்கள். நெருப்புக்குத் தடை இல்லாத மாதம்தானா என்று பார்த்துக்கொண்டு, கிளம்பும்போதே இரண்டு மூட்டை வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளலாம். அடுத்த முகாம் அறிவிப்பில் இதைக் கடைசி வரியாக இல்லாமல் முதல் வரியாகப் போடும்படி செயலாளர் அவர்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். "இயற்கை தந்த விறகு" என்று தலைப்பிட்ட அந்த வீடியோவையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பார்க்கும் பிள்ளைகள் அதையே வழக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

விறகு மூட்டைக்குப் பணம் இல்லை என்று பொருளாளர் சொன்னால் நான் தருகிறேன். ரசீது மட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
ஆயுள் சந்தா கட்டிய உறுப்பினர் ஒருவர்