‘டைர்’ என்ற பெயரில் வந்த போலி சிடி: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
உங்கள் வாடிக்கையாளர்,
சென்னை.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
இணைய இசைத்தட்டு அங்காடி.

பொருள்: பிளாக் சாபத் என்ற ஹெவி மெட்டல் இசைக்குழுவின் ‘டைர்’ ஆல்பத்தின் 1990 அசல் சிடி என்று விளம்பரம் செய்து நகல் சிடி விற்றதும், அதற்கு ஈடாக மற்றொரு போலி சிடியை அனுப்பியதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் தளத்தில் ‘சேகரிப்பாளர்களுக்கான அரிய பதிப்புகள்’ என்ற பகுதியில் ‘டைர்’ சிடியைப் பார்த்து ஆர்டர் கொடுத்தேன். ‘ஐ.ஆர்.எஸ். ரெக்கார்ட்ஸ், 1990, அசல் பதிப்பு, பயன்படுத்தியது, நல்ல நிலை’ என்று போட்டிருந்தீர்கள். விலை 3,400 ரூபாய், கூரியர் தனி. முழுத் தொகையையும் முன்பணமாகவே வாங்கிக்கொண்டீர்கள். எனக்கு வந்து சேர்ந்தது கணினியில் எழுதப்பட்ட ஒரு சிடி-ஆர்.

இது சந்தேகத்தின் பேரில் சொல்லும் குற்றச்சாட்டு அல்ல. தொழிற்சாலையில் அச்சான சிடியின் அடிப்பக்கம் வெள்ளி நிறத்தில் இருக்கும். நீங்கள் அனுப்பியது பச்சை கலந்த நீலம். நடுத் துளையைச் சுற்றியுள்ள வளையத்தில் ஆல்பத்தின் எண் எதுவும் இல்லை, வெற்று சிடி தயாரித்த நிறுவனத்தின் வரிசை எண் மட்டும்தான் இருக்கிறது. அட்டைப்படம் ஸ்கேன் செய்து இங்க்ஜெட்டில் எடுத்தது. ஈரக்கை பட்டதும் ஓரத்தில் மை கலைந்துவிட்டது.

கேட்டுப் பார்த்தபோது இன்னும் மோசம். அந்த ஆல்பத்தில் ‘தி பேட்டில் ஆஃப் டைர்’, ‘ஓடின்ஸ் கோர்ட்’, ‘வல்ஹல்லா’ ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இணைந்து இடைவெளியில்லாமல் ஓடும். கீபோர்டில் தொடங்கி, கிட்டாரின் மெல்லிய மீட்டலில் நடந்து, ‘வல்ஹல்லா’வில் டிரம்ஸ் வந்து இறங்கும் அந்த இடத்துக்காகவே ஆல்பத்தை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் சிடியில் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் இரண்டு விநாடி மௌனம். பாட்டுகளைத் தனித்தனிக் கோப்புகளாக இறக்கி, ஒவ்வொன்றாக எழுதினால்தான் இப்படி வரும். ஒலியைக் கணினியில் போட்டு அலைவரிசைப் படம் எடுத்துப் பார்த்தேன். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இல்லை, கத்தியால் நறுக்கியதுபோல் இருக்கிறது. அளவைக் குறைக்க உயர்ந்த ஒலிகளை வெட்டிவிடும் மலிவான எம்.பி.3 கோப்பிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அந்தப் படத்தையும், சிடியின் இருபக்கப் புகைப்படங்களையும், உங்கள் தளத்தில் இருந்த விளம்பரத்தின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் முதலில் மின்னஞ்சலில் எழுதியிருந்தேன். உங்கள் பதில் இது: “இந்த ஆல்பம் அவுட் ஆஃப் பிரிண்ட் சார். இப்போ இதுக்கு ஓனரே கிடையாது. கிடைக்கிறது இப்படித்தான் கிடைக்கும். சேகரிப்புப் பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை.” பணம் போனதைவிட இந்தப் பதில்தான் எனக்குப் பெரிய வருத்தம். இசைத்தட்டு விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு கடை, ஒரு ஆல்பம் ஏன் அச்சில் இல்லாமல் போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்கலாமா? அல்லது தெரிந்தும் இப்படி எழுதலாமா? அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

‘டைர்’ 1990 ஆகஸ்டில் வந்தது. தயாரித்தவர்கள் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமியும் டிரம்ஸ் கலைஞர் கோசி பவலும். பாடியவர் டோனி மார்ட்டின். வெளியிட்டது மைல்ஸ் கோப்லண்ட் 1979-இல் தொடங்கிய ஐ.ஆர்.எஸ். நிறுவனம். ஆர்.இ.எம்., கோ-கோஸ் போன்ற குழுக்களால் பெயர் பெற்ற நிறுவனம் அது, ஹெவி மெட்டலுக்கென்று பிறந்தது அல்ல. ‘ஹெட்லெஸ் கிராஸ்’ (1989), ‘டைர்’, ‘கிராஸ் பர்ப்பஸஸ்’ (1994), ‘ஃபர்பிடன்’ (1995) ஆகிய நான்கும் அதன் வழியாகத்தான் வந்தன. 1992-இல் ஐ.ஆர்.எஸ்.ஸை ஈ.எம்.ஐ. என்ற பெரிய இசை நிறுவனம் வாங்கியது, 1996-இல் ஐ.ஆர்.எஸ். மூடப்பட்டது. அடுத்த ஆண்டே குழுவின் முதல் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் பிளாக் சாபத்துக்குத் திரும்பி வந்தார். உலகத்தின் கவனம் முழுவதும் 1970-களின் பாட்டுகள் பக்கம் போயிற்று. மார்ட்டின் பாடிய காலம் குழுவின் கதையிலேயே ஒரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. என்னைக் கேட்டால் அது பெரிய அநியாயம். அந்த மனிதரின் குரலுக்கு உரிய இடம் இன்றுவரை கிடைக்கவில்லை.

இப்படி ஒரு ஆல்பம் கடையிலிருந்து மறைவதற்கு யாரும் தடை போட வேண்டியதில்லை. கிடங்கில் இருக்கும் பிரதிகள் தீரும். அடுத்த தவணை அச்சடிக்க ஒருவர் முடிவெடுக்க வேண்டும். பத்து, இருபது பிரதிக்கெல்லாம் தொழிற்சாலை இயந்திரத்தை ஓட்டாது, ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கை கேட்கும். மூல ஒலிப்பதிவு நாடாவான மாஸ்டர் டேப் எந்த அறையில் இருக்கிறது, அட்டைப்படத்தின் மூலம் யாரிடம் இருக்கிறது, ராயல்டி யாருக்கு எவ்வளவு என்று பழைய காகிதங்களைத் தேட வேண்டும். நிறுவனம் கைமாறும்போது அந்தக் காகிதங்களை அறிந்த ஆட்கள் வேலையைவிட்டுப் போயிருப்பார்கள். வாங்கிய பெரிய நிறுவனத்துக்கு ஆயிரக்கணக்கான ஆல்பங்களில் இதுவும் ஒன்று. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று ஒதுக்கப்படும் ஆல்பம் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். ஆனால் அந்த ஆண்டுகள் முழுவதும் அதற்கு உரிமையாளர் இருக்கிறார். நீங்கள் எழுதியதுபோல் அநாதையாகிவிடவில்லை.

அதற்கு நிரூபணமும் வந்துவிட்டது. 2024 மே 31 அன்று இந்த நான்கு ஆல்பங்களும் ‘அன்னோ டொமினி 1989–1995’ என்ற பெட்டித் தொகுப்பாக வெளிவந்தன. ஐரோப்பாவில் பி.எம்.ஜி., வட அமெரிக்காவில் ரைனோ. உரிமையாளரே இல்லாத பொருளை இரண்டு நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டு எப்படி வெளியிட முடியும்? அந்தத் தொகுப்புக்காக ‘ஃபர்பிடன்’ ஆல்பத்தை ஐயோமியே மறுபடியும் மிக்ஸ் செய்தார், அதாவது குரலையும் கருவிகளையும் புதிதாகக் கலந்தார். பாடி கவுண்ட் என்ற இன்னொரு குழுவின் கிட்டார் கலைஞர் எர்னி சி தயாரித்த அதன் பழைய ஒலியில் ஐயோமிக்குத் திருப்தி இருந்ததில்லை. வெளியாகி ஏறக்குறைய 29 ஆண்டுகள் கழித்து உட்கார்ந்து அதைச் சரிசெய்திருக்கிறார் மனிதர். 1998-இல் கார் விபத்தில் இறந்த கோசி பவலின் டிரம்ஸை இன்றைய பிள்ளைகள் சரியாகக் கேட்க வேண்டும் என்று நினைக்கிற எவருக்கும் அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

புதுத் தொகுப்பு இருக்கும்போது பழையதை ஏன் தேடினீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். தொகுப்பில் இருப்பது புதிதாக ரீமாஸ்டர் செய்த, அதாவது பழைய பதிவை மெருகேற்றித் திருத்திய ஒலி. 1990-இல் முதன்முதலில் எப்படி வெளியானதோ அப்படியே கேட்க எனக்கு ஆசை. அதற்குத்தான் ‘அசல் பதிப்பு’ என்ற சொல்லுக்கு நீங்கள் வைத்த விலையைக் கொடுத்தேன்.

சரி, அடுத்த விஷயத்துக்கு வருகிறேன். இது முதலாவதைவிடக் கடுமையானது.

நான் விடாமல் கேட்டதால், ‘நல்லெண்ண அடிப்படையில்’ என்று குறிப்பு வைத்து இன்னொரு சிடி அனுப்பினீர்கள். செல்டிக் ஃப்ராஸ்ட் என்ற மெட்டல் குழுவின் ‘கோல்ட் லேக்’ ஆல்பம் அது. மேலே பளபளப்பான ஸ்டிக்கரில் ‘2017 டிஜிட்டல் ரீமாஸ்டர்’ என்று இருக்கிறது. அந்தக் குழுவின் ஆல்பங்களை வெளியிட்ட நாய்ஸ் ரெக்கார்ட்ஸின் முத்திரையும் அச்சிட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு பதிப்பு உலகத்தில் வெளியாகவே இல்லை.

நாய்ஸ் 1983-இல் பெர்லினில் கார்ல்-உல்ரிஷ் வால்டர்பாக் தொடங்கிய நிறுவனம். ஹெலோவீன், கிரியேட்டர், ரன்னிங் வைல்ட், கொரோனர் என்று ஐரோப்பிய மெட்டலின் கணிசமான பகுதி அங்கிருந்து வந்தது. 2001-இல் அது சாங்க்சுவரி நிறுவனத்துக்குப் போனது. 2007-இல் சாங்க்சுவரியை யுனிவர்சல் வாங்கியது. 2013-இல் அந்தச் சொத்து பி.எம்.ஜி.க்கு வந்தது. இத்தனை கைமாற்றத்துக்கு நடுவே பல நல்ல ஆல்பங்கள் வருடக்கணக்கில் கடையில் இல்லாமல் போயின. 2016-இல் நாய்ஸ் பெயரை மறுபடியும் எழுப்பி, 2017-இல் செல்டிக் ஃப்ராஸ்டின் ஆல்பங்களை மறுபதிப்பு செய்தார்கள். ‘மார்பிட் டேல்ஸ்’, ‘டு மெகா தெரியன்’, ‘இன்டு தி பாண்டமோனியம்’, ‘வானிட்டி/நெமசிஸ்’ என நான்கு. ‘கோல்ட் லேக்’ அதில் சேர்க்கப்படவில்லை. அதற்கு முன் 1999 மறுபதிப்புகளிலும் அது இல்லை.

இங்கே காரணம் டேப் தொலைந்ததோ, நிறுவனம் மூடியதோ அல்ல. குழுவின் தலைவர், டாம் வாரியர் என்று நாம் அறிந்த தாமஸ் கேப்ரியல் ஃபிஷர், 1988-இல் வந்த அந்த ஆல்பத்தை வெளிப்படையாகவே கைவிட்டவர். ஒப்பனையும் பகட்டும் நிறைந்த கிளாம் மெட்டல் பக்கம் சாய்ந்த அந்தத் தோற்றமும் இசையும் தன்னுடைய பெரிய சறுக்கல் என்று பேட்டிகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அது மறுபடி வெளிவருவதை அவர் விரும்பவில்லை. 1988-இல் அச்சான பழைய பிரதிகள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன, அதில் தவறில்லை. யாரோ அன்று காசு கொடுத்து வாங்கியதை இன்று இன்னொருவருக்கு விற்கிறார்கள். அப்படி ஒரு பிரதியை நீங்கள் அனுப்பியிருந்தால் நான் நன்றி சொல்லியிருப்பேன். ஆனால் படைத்தவரே வெளியே வரக் கூடாது என்று நினைக்கிற ஒன்றை, அவரே ரீமாஸ்டர் செய்து சம்மதித்து வெளியிட்டதுபோல் ஸ்டிக்கர் ஒட்டி விற்பது எந்த வகை வியாபாரம்? ஒரு கலைஞன் தன் பழைய படைப்பைப் பார்த்து வெட்கப்பட உரிமை உள்ளவன். ரசிகர்களாகிய எங்களுக்கு அதில் மனத்தாங்கல் இருக்கலாம். எனக்கும் இருக்கிறது, ஒரு குழுவின் வரலாற்றில் நடுப்பக்கத்தைக் கிழித்து எடுக்கக் கூடாது என்பது என் கருத்து. ஆனால் அதை ஃபிஷரிடம்தான் கேட்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் அவர் பெயரில் ஒரு பதிப்பை உருவாக்குவதற்கு எனக்கோ உங்களுக்கோ உரிமை இல்லை.

அச்சில் இல்லாத ஆல்பங்களைச் சுற்றிப் போலிகள் முளைப்பதற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. தேடுபவர்கள் இருக்கிறார்கள், பொருள் இல்லை. நல்ல பிரதி கிடைக்காதா என்று ஏங்குகிற ஆள் விலையைப் பற்றி அதிகம் பேரம் பேசமாட்டான். அந்த ஏக்கத்தைத்தான் நீங்கள் காசாக்குகிறீர்கள். இதில் ஒரு ரூபாய்கூட ஐயோமிக்கோ மார்ட்டினுக்கோ பவலின் குடும்பத்துக்கோ போகாது. மறுபதிப்புக்குச் செலவு செய்ய யோசித்துக்கொண்டிருக்கும் நிறுவனமும், சந்தையில் போலிகள் மலிந்து கிடப்பதைப் பார்த்தால் இன்னும் தயங்கத்தான் செய்யும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டின் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. 1988-இலும் 1990-இலும் வந்த ஆல்பங்களுக்கு அந்தக் காலம் முடிய வெகுநாள் இருக்கிறது. கடையில் கிடைக்கவில்லை என்பதால் அது குறையாது. தெரிந்தே மீறினால் 63-ஆம் பிரிவின் கீழ் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமிருக்கிறது. இல்லாத தரத்தைச் சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். ‘ரிட்டர்ன் இல்லை’ என்று நீங்கள் தளத்தில் எழுதி வைத்திருப்பது போலிப் பொருளுக்குக் கேடயம் ஆகாது. 2020 மின்வணிக விதிகளின்படி இந்தப் புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் நீங்கள் எனக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும்.

நான் கேட்பது இதுதான். ‘டைர்’ சிடிக்கு நான் கொடுத்த 3,400 ரூபாயும் கூரியர் கட்டணமும், உங்கள் கடையின் கூப்பனாக அல்லாமல், என் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். இரண்டு சிடிகளையும் எந்த விற்பனையாளரிடமிருந்து எடுத்தீர்கள் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். உங்கள் தளத்தின் அரிய பதிப்புகள் பகுதியில் இன்றும் ‘கோல்ட் லேக் 2017’ விற்பனைக்கு இருக்கிறது. அதை உடனே நீக்குங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு உண்மையைச் சொல்லி அவர்களுக்கும் பணத்தைக் கொடுங்கள். அவர்களில் பலர் அந்த ஸ்டிக்கரை நம்பி, ஃபிஷர் மனம் மாறிவிட்டார் என்று மகிழ்ந்திருப்பார்கள். இனி பழைய சிடிகளை விற்கும்போது அட்டைப் படத்தோடு நிறுத்தாமல், அடிப்பக்கத்தின் படமும் உள்வளையத்தில் உள்ள எண்ணின் படமும் போடுங்கள். நேர்மையாகப் பழைய இசைத்தட்டு விற்பவர்கள் கேட்பதற்கு முன்பே இதைச் செய்கிறார்கள், ஒரு செலவும் இல்லை.

ஒரு மாதத்துக்குள் தீர்வு வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். நான் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் வழி செய்திருக்கிறது, இந்தத் தொகைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. கூடவே, இரு ஆல்பங்களின் உரிமை வைத்திருப்பவர்களுக்கும் இதே ஆதாரங்களை அனுப்பிவைப்பேன்.

போலி சிடிகள் இரண்டும் இப்போது என்னிடமே இருக்கின்றன. திருப்பிக் கேட்டால் தருகிறேன். ஆனால் அவை மறுபடி இன்னொருவருக்கு விற்கப்படாது, அழிக்கப்படும் என்ற உறுதிமொழியை உங்கள் கடையின் முத்திரையோடு எழுத்தில் முதலில் அனுப்ப வேண்டும். கூரியர் செலவு உங்களுடையது.

இப்படிக்கு,
‘டைர்’ சிடிக்கு ஆர்டர் கொடுத்த வாடிக்கையாளர்

இணைப்பு: பணம் செலுத்திய ரசீது, விளம்பரப் பக்கத்தின் நகல், இரு சிடிகளின் புகைப்படங்கள், ஒலி அலைவரிசைப் படம், உங்கள் மின்னஞ்சல் பதில்.