எல்இடி எரியாவிட்டால் என்ன செய்வது என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆர்டுயினோ போர்டை (நிரல் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) மொபைல் ஆப்பிலிருந்து புளூடூத் வழியாக இயக்குவது எப்படி என்று மாணவர்களுக்கு எழுதுகிறவர்கள் வயரிங் படம், நிரல், கடைசியில் எரிகிற எல்இடி என்று முடித்துவிடுகிறார்கள். எரியாவிட்டால்? அதற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. செய்து பார்க்கிற பிள்ளைகள் மாட்டிக்கொள்வதே அங்கேதான், உடனே ஆப்பைத் திருத்த உட்கார்ந்துவிடுகிறார்கள், கோளாறு பல நேரம் வேறெங்கோ இருக்கும்.

முதல் வேலை, குறை எந்தப் பக்கம் என்று பிரிப்பது. சொந்த ஆப்பை ஓரமாக வைத்துவிட்டு, பிளே ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் ஏதாவது ஒரு புளூடூத் டெர்மினலிலிருந்து (எழுத்துகளை அப்படியே அனுப்பவும் பெறவும் உதவும் ஆப்) ஒரு எழுத்தை அனுப்பிப் பாருங்கள். போர்டு பதில் சொன்னால் ஆப்பில் தேடலாம். சொல்லாவிட்டால் ஆப்பைத் தொடவே வேண்டாம். போர்டில் இணைத்திருப்பது ஹெச்சி-05 என்ற புளூடூத் மாட்யூல் என்றால் அதன் டிஎக்ஸ் (அனுப்பும் முனை) போர்டின் ஆர்எக்ஸுக்கு (பெறும் முனை) போகிறதா, கிரவுண்டு பொதுவாக இருக்கிறதா என்று பாருங்கள் (மாட்யூலின் ஆர்எக்ஸ் 3.3 வோல்ட்டுக்கானது, ஆர்டுயினோ ஊனோ போர்டின் 5 வோல்ட்டை நேராகக் கொடுக்கக் கூடாது, இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைக்க வேண்டும்). குப்பை எழுத்துகளாக வந்தால் பாட் ரேட், அதாவது இரண்டு பக்கமும் பேசும் வேகம், பொருந்தவில்லை. இந்த மாட்யூல் வழக்கமாக 9600-இல் பேசும், அதன் அமைப்புகளை மாற்றும் ஏடி நிலையில் மட்டும் 38400.

போனில் 'பேர்டு' (paired, ஜோடி சேர்ந்தது) என்று காட்டுவதை இணைப்பு என்று நம்பிவிடுவது இன்னொன்று. ஆப் உண்மையில் இணையும்வரை மாட்யூலின் விளக்கு வேகமாகச் சிமிட்டிக்கொண்டே இருக்கும்.

ரொம்ப அலைக்கழிப்பது வரி முடிவுதான். ஆப் 'ஆன்' என்று மட்டும் அனுப்புகிறது, போர்டோ புதுவரிக் குறி வரட்டும் என்று காத்திருக்கிறது, ஆர்டுயினோவில் அந்தக் காத்திருப்பு இயல்பாக 1 விநாடி, அதனால் எல்லாம் ஒரு விநாடி தாமதமாக நடக்க, புளூடூத்தே மெதுவானது என்று பழி போட்டுவிடுகிறோம். டெர்மினலில் இன்னொரு வம்பு, புதுவரிக்கு முன் கேரேஜ் ரிட்டர்ன் என்ற இன்னொரு வரி முடிவுக் குறியும் சேர்ந்து வரலாம், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் போர்டு ஒப்பிடும்போது அது 'ஆன்' இல்லை, எனவே எதுவும் நடக்காது. வந்த எழுத்துகளின் எண் மதிப்பை சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்புவதைக் கணினியில் காட்டும் சாளரம்) அச்சிட்டால் அந்தக் குறி 13 என்று மாட்டிக்கொள்ளும்.

அனுமதிகளையும் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டு 12-இலிருந்து அருகிலுள்ள சாதனங்களுக்கான அனுமதியை ஆப் ஓடும்போதே கேட்டு வாங்க வேண்டும், பழைய நிரலை அப்படியே நகலெடுத்தால் அங்கேயே நின்றுவிடும். ஐபோனில் ஹெச்சி-05 வேலை செய்யாது, பிஎல்இ (குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புளூடூத் வகை) மாட்யூல்தான் வேண்டும். அப்புறம், மோட்டார் சுழலும்போதெல்லாம் இணைப்பு அறுந்தால் ஆப்பைத் திட்டாமல் மோட்டாருக்குத் தனி மின்சாரம் கொடுத்துப் பாருங்கள்.

இனி இப்படியொரு செய்முறை வெளியிடும்போது வயரிங் படத்துக்குப் பக்கத்திலேயே இதற்கும் அரைப் பத்தி ஒதுக்கினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்