எந்த ஊர் என்று கேட்டால்

அன்புள்ள மகனுக்கு,

நேற்று ராத்திரி நீ பேசியதிலிருந்து தூக்கம் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வீடுகளைக் காலி செய்கிற இடத்துக்கு உன் போலீஸ் கம்பெனியைப் பந்தோபஸ்துக்கு அனுப்புகிறார்கள் என்றாய். "நீங்க எப்படிப்பா செஞ்சீங்க?" என்று கேட்டாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். போனில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

1996-ல் நான் சாதாரண போலீஸ்காரன். மதுரையை ஒட்டிய ஒரு கண்மாய்க்குள் நாற்பது ஐம்பது வீடுகள். அங்கே வீடு இருந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எப்படிப் போகும்? சம்சாரி வீட்டில் பிறந்த எனக்கு அது தெரியும். ஆனால் அந்த ஜனங்களுக்கு வேறு இடம் காட்டுவதற்கு முன்பே பொக்லைன் வந்து நின்றது. அதுவும் எனக்குத் தெரியும்.

ஒரு அம்மா தன் வீட்டு வாசல் நிலையைத் தானே கடப்பாரையால் பெயர்த்துக்கொண்டிருந்தாள். வேப்பமர நிலை. மேல்கட்டையில் மஞ்சளும் குங்குமமும். பொங்கலுக்குச் செருகிய கண்ணுப்பிள்ளைக் கொத்து காய்ந்துபோய் அப்படியே இருந்தது. "சுவரு போனா போகட்டும்யா, நிலை இருந்தா எங்கயாச்சும் ஊன்டிக்கிருவேன்" என்றாள். லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பக்கம் நான் தூக்கினேன், மறுபக்கம் அவள். மாட்டுவண்டியில் ஏற்றி வைத்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நீ எந்த ஊருய்யா?"

திண்டுக்கல் பக்கம் என்று சொன்னேன்.

அவள் பேச்சிலேயே நம் உசிலம்பட்டி மணத்தது. நம் ஊரைச் சொல்லியிருந்தால் அடுத்து யார் மகன், எந்த வகையறா என்று கேட்டிருப்பாள். நாலாவது கேள்வியில் சின்னம்மாவோ அத்தையோ ஆகியிருப்பாள். அப்புறம் நான் எப்படி அங்கே நிற்பது? உத்தரவை மீறவில்லை, யாரையும் அடிக்கவில்லை. பிறந்த ஊரை மட்டும் மறைத்தேன். அதுதான் இன்றுவரை அறுக்கிறது.

நான் வேலையில் சேர்ந்தபோது உன் தாத்தா என்னை உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூருக்குக் கூட்டிப்போனார். வெள்ளைக்காரன் கொண்டுவந்த ரேகைச் சட்டத்துக்கு, அதாவது குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குப் பணியாத 16 பேரை 1920 ஏப்ரல் 3-ல் போலீஸ் சுட்டுக் கொன்ற ஊர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தோம்.

2005 ஆகஸ்டில் டிவியில் காசாவைக் காட்டினார்கள். இஸ்ரேல் அரசு 21 குடியேற்றங்களிலிருந்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட தன் சொந்த ஜனங்களை வெளியேற்றியது. அது 1967 போரில் பிடித்த பாலஸ்தீனர் பூமி. அவர்கள் வெளியேறியது நியாயம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் கையில் ஆயுதம் இல்லாமல் வீடு வீடாகப் போன அந்தச் சிப்பாய்ப் பிள்ளைகள், காலி செய்ய வைத்தவர்களையே கட்டிப்பிடித்து அழுதார்கள். மாட்டேன் என்று மறுத்துச் சிறைக்குப் போனவர்களும் உண்டு. நியாயமான வேலையாக இருந்தாலும் நெஞ்சு அறுபடும் போலிருக்கிறது. ஒன்பது வருஷம் கழித்து அந்த அம்மாவின் கேள்வி அன்றைக்குத்தான் எனக்குத் திரும்பக் கேட்டது.

அய்யா, போகாதே என்று நான் சொல்லமாட்டேன். போ என்றும் சொல்லமாட்டேன். முடியாது என்று பட்டால் இன்றைக்கே உன் அதிகாரியிடம் நேரில் சொல்லிவிடு. வெள்ளிக்கிழமை காலையில் வரிசையில் நின்று சொன்னால் பக்கத்தில் நிற்பவன் தலையில் விழும். வேலை போய்விடுமோ என்று பயப்படாதே. என் பென்ஷன் இருக்கிறது, வீட்டுக் கடனை நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவுக்கும் சம்மதம், கேட்டுவிட்டேன்.

போவதாக இருந்தால், மெஷின் ஓட்டுகிறவரிடம் கெஞ்சியாவது அரை மணி நேரம் வாங்கு. ரேஷன் கார்டு, மாத்திரை, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை இதெல்லாம் முதலில் வெளியே வரட்டும். கனமான சாமானுக்கு ஒரு கை கொடு. யாராவது எந்த ஊர் என்று கேட்டால், உசிலம்பட்டி என்று சொல். அவர்களுக்குத் தெரியாத ஊராக இருந்தாலும் சொல்.

அப்பா