கிறிஸ்துமஸ் மரமும் நிரம்பாலியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிறிஸ்துமஸ் மரமாக வைக்க அராக்கேரியா செடி வாங்காதீர்கள், அது வெளிநாட்டு மரம், நம்ம ஊர் சவுக்குக் கிளையே போதும் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். தக்கலைப் பக்கம் சின்னதாக ஒரு நர்சரி வைத்திருக்கிறேன். டிசம்பரில் எனக்கு ஓடுவதே அராக்கேரியாதான். அதனால்தான் வரிந்துகட்டிக்கொண்டு வருகிறான் என்று நினைத்தாலும் சரி.

சவுக்கும் வந்த மரம்தான். 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காக நம் கடற்கரையில் நட்டுப் பரப்பினார்கள். பைன் போலப் பூக்காமல் கூம்பு விடுகிற ஊசியிலை மரமும் அல்ல, பூக்கிற இனம்.

நாங்கள் தொட்டியில் விற்பது நார்ஃபோக் தீவு அராக்கேரியா. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே இருக்கிறது அந்தத் தீவு. இன்று இந்த இனங்கள் தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூ கினி, நியூ கலிடோனியா பக்கம்தான் இயற்கையாக வளர்கின்றன. ஆனால் இவற்றின் பழைய உறவுகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பாறைகளில் கல்லாகிக் கிடைத்திருக்கின்றன. ஆம், கார் கம்பெனிகள் இருக்கும் அதே ஸ்ரீபெரும்புதூர். 10 கோடி ஆண்டுக்கும் முந்தைய பாறை அது. அந்த மரங்களின் முன்னோர் இங்கே வரக் கடல் தாண்ட வேண்டியிருக்கவில்லை. இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்தன. அப்புறம் நம் நிலம் பிரிந்து வடக்கே நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் முட்டியது. இடையில் அராக்கேரியாக் குடும்பம் இங்கே அற்றுப்போனது.

வாசகருக்கு உள்ளூர் மரம்தான் வேண்டுமென்றால் ஒன்று இருக்கிறது. அகத்தியமலைக் காட்டு நிரம்பாலி. தென்னிந்தியாவில் தானாக வளரும் ஊசியிலை இனம் இது ஒன்றே. கூட்டத்தின் பெயர்தான் ஊசியிலை, இதில் ஊசி இருக்காது; இலை அகலம், நடுநரம்பு கிடையாது, மூங்கிலிலை போல நரம்புகள் நீளவாக்கில் ஓடும். இதே பேரினத்தின் கல்லான இலைகள் தென் சீனாவின் மாவ்மிங்கிலும் ஹைனான் தீவிலும் கிடைத்துள்ளன. இன்றும் இந்த மரம் இங்கிருந்து பர்மா வழியாக நியூ கினி வரை பரவியிருக்கிறது. இத்தனை தூரம் பயணப்பட்ட மரம் நம் மலையில் நிற்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

காட்டிலிருந்து விதை எடுத்து விற்க எங்களுக்கு அனுமதி கிடையாது, கொடுக்கவும் கூடாது. வனத்துறை நாற்று வளர்த்து, பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் நாலைந்து கன்றுகளைப் பெயர்ப்பலகையோடு நடலாம். மலையடிவார மழையும் நிழலும் அங்கே உண்டு. எங்களுக்கும் கன்று கொடுத்தால், அராக்கேரியாவைவிடக் குறைந்த விலைக்கே விற்கிறேன்.

ஒரு நர்சரிக்காரர்,
தக்கலை, குமரி மாவட்டம்