சமரசம் பேச வரும் இன்சூரன்ஸ் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வாகன விபத்து வழக்குகளைப் பேசி முடிக்க நீதிமன்றத்துக்கு வரும் இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன மக்கள் நீதிமன்றத்தில் உங்களில் ஒருவருக்கு எதிரே நானும் என் அக்காவும் உட்கார்ந்திருந்தோம். ஐந்து நிமிடம்கூட இல்லை. அவர் ஃபைலைப் புரட்டினார். "டிஸபிலிட்டி எத்தனை பெர்சென்ட்?" என்று எங்கள் வக்கீலிடம் கேட்டார். "முப்பதுங்க" என்றார் வக்கீல். கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, "எல்லாம் சேர்த்து 3,40,000. சரின்னா இன்னைக்கே முடிச்சுக்கலாம்" என்றார். அக்கா பக்கம் அவர் திரும்பவே இல்லை. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வெளியே வராந்தாவில் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் காத்திருந்தன. ஆனாலும் அவர் அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: "நீங்க என்ன வேலை செய்யறீங்க?" இனிமேலாவது அதைக் கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். பதினாறு வருடம் மிஷினில் உட்கார்ந்தவள். தையல் மிஷினை ஓட்டுவது கை என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் வேகம் முழுவதும் வலது பாதத்தில் இருக்கிறது. முன்பாதத்தை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம். நேர்த் தையலில் முழுக்க அழுத்த வேண்டும், கழுத்து வளைவு வரும்போது கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை கணுக்கால் மேலும் கீழும் போய்வரும். 2023-இல் வேலை முடிந்து ரோட்டோரமாக நடந்து வந்தவளைப் பின்னாலிருந்து ஒரு கார் இடித்தபோது உடைந்தது அந்தக் கணுக்கால். பிளேட் வைத்து எலும்பு கூடிவிட்டது. நடக்கிறாள், மெதுவாகப் படியும் ஏறுகிறாள். ஆனால் பாதத்தை முன்னால் அழுத்தி ஒரு நிமிடம்கூட நிறுத்தி வைக்க முடியவில்லை, நடுங்குகிறது. வீட்டில் பழைய மிஷினில் உட்கார்ந்து பார்த்தாள். தையல் அறுந்து அறுந்து போனது. துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

இப்போது அதே கம்பெனியில் ஓரமாக உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறாள். ஒன்றரை ஷிப்ட் பார்த்து மாதம் பதினைந்தாயிரம் கொண்டு வந்தவளுக்கு இன்று கைக்கு வருவது எட்டாயிரம்.

மெடிக்கல் போர்டு கொடுத்த 30 சதவீதம் கால் எவ்வளவு பழுதானது என்பதற்கான அளவு. பிழைப்பு எவ்வளவு பழுதானது என்று அந்தத் தாள் சொல்லாது. இது நான் கண்டுபிடித்த வாதம் இல்லை. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இடது கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாதிக்கும் திறன் கிட்டத்தட்ட முழுவதுமே போய்விடும்; அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தால் வேலையே போகாமலும் இருக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பில் உள்ள உதாரணம். ஊனம் ஒன்று, இழப்பு வேறு வேறு.

உங்கள் அதிகாரி போட்ட கணக்கை வக்கீல் பிறகு விளக்கினார். ஊனத்தில் ஒரு சதவீதத்துக்கு 5,000 வீதம் 1,50,000. மீதி ஆஸ்பத்திரி பில், வலி வேதனை, போக்குவரத்துச் செலவு. வருமான இழப்பு என்று அதில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. காயம் ஆறி, பழைய வேலைக்கே திரும்பியவருக்கு இந்தக் கணக்கு பொருந்தலாம். அக்காவுக்கு எப்படிப் பொருந்தும்? மாதம் 7,000 குறைந்தால் வருடத்துக்கு 84,000. விபத்தின்போது அவளுக்கு வயது 38. சரளா வர்மா வழக்கின் 2009 தீர்ப்புப்படி அந்த வயதுக்குப் பெருக்க வேண்டியது 15-ஆல். 12,60,000 வருகிறது. பிரணய் சேத்தி வழக்கின் 2017 தீர்ப்பு, நிரந்தர வேலை இல்லாமல் சொந்தத் தொழிலோ நிலையான சம்பளமோ உள்ள, நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் வருங்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்கச் சொல்கிறது. அதை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

"சம்பளத்துக்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்பீர்கள். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளத்தைக் கவரில் வாங்கும் எத்தனை பேரிடம் சீட்டு இருக்கும்? கான்ட்ராக்டரின் நோட்டு இருக்கிறது, கூட வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதுவும் வேண்டாம் என்றால் தையல் தொழிலுக்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச கூலி இருக்கிறது, அதையாவது வைத்துக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் 48 மணி நேரச் செலவை அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் ஏற்றுக்கொண்டது, அது பெரிய புண்ணியம். அதற்குப் பிறகுதான் நகை அடகுக்குப் போனது, மகளிர் குழுக் கடன் ஏறியது. வாரத் தவணைக்கு வீட்டு வாசலில் ஆள் நிற்கும்போது "இன்றைக்கே முடிச்சுக்கலாம்" என்ற வார்த்தை எப்படிக் காதில் விழும் என்று யோசித்துப் பாருங்கள். அக்கா பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள். நான்தான் "கொஞ்சம் இரு, அக்கா" என்று தடுத்தேன். மக்கள் நீதிமன்றத்தில் ஒருமுறை கையெழுத்துப் போட்டு முடித்தால் அப்புறம் மேல்முறையீடு கிடையாது. அன்று நான் கூடப் போகாமல் இருந்திருந்தால்? தனியாக வருகிறவர்கள் எத்தனை பேர் அந்த மேசையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்ற நினைப்பு என்னைத் தூங்க விடுவதில்லை.

போலி வழக்குகள் வருகின்றன, நீங்கள் எதையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது என்பதும் தெரியும். அதற்குத்தான் இன்வெஸ்டிகேட்டரை அனுப்புகிறீர்கள். எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார், மரியாதையாகவே பேசினார். எந்த ஆஸ்பத்திரி, எந்த போலீஸ் ஸ்டேஷன், யார் பார்த்தது என்று எல்லாம் எழுதிக்கொண்டார். அவரிடம் இருந்த தாளில் வேலையைப் பற்றி இரண்டு வரி சேர்க்க எவ்வளவு நேரமாகும்? கம்பெனிக்கு வந்து பிசிறு வெட்டும் இடத்தைப் பார்த்திருந்தாலே போதும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 149-ஆவது பிரிவு, விபத்துத் தகவல் கிடைத்ததும் சமரசத்துக்கென்று ஓர் அதிகாரியை நியமிக்கச் சொல்கிறது. விவரங்களோடு ஒரு தொகையை முன்வைக்க 30 நாள் தருகிறது. பாதிக்கப்பட்டவர் ஒப்புக்கொண்டு, விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் பதிவு செய்தால் அடுத்த 30 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும். நல்ல ஏற்பாடு. வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைவதை யாரும் விரும்புவதில்லை, நாங்களும்தான். அந்த 'விவரங்களோடு' என்ற சொல்லைத்தான் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். வருமானம் எவ்வளவு என்று எடுத்தீர்கள், இழப்பு எத்தனை சதவீதம், எந்த எண்ணால் பெருக்கினீர்கள், மருத்துவத்துக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துப் பார்க்க ஒரு வாரம் கொடுங்கள்.

அக்காவின் கேஸ் அடுத்த மக்கள் நீதிமன்றத்தில் மறுபடி வருகிறது. சம்பள நோட்டு, கான்ட்ராக்டரின் கடிதம், எக்ஸ்ரே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வருகிறோம். ஃபைலைத் திறப்பதற்கு முன்னால் அவளிடம் ஒரு நிமிடம் பேசுங்கள். கணக்கு சரியாக இருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறோம்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு தம்பி