காணொளிப் பாடங்களைக் கேட்டுப் பார்க்க ஓர் அமைப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் நான் தொண்டூழியராக உதவிவரும் துணைப்பாட வகுப்பு ஒன்றில், தொடக்கநிலை ஐந்தாம் வகுப்பு மாணவர்களுக்குப் பரதநாட்டியத்தைப் பற்றிய நான்கு நிமிடக் காணொளி ஒன்று காட்டப்பட்டது. படங்கள் அழகாக இருந்தன, எழுத்துகளில் பிழை இல்லை. ஆனால் பின்னணிக் குரலைக் கணினியே கொடுத்திருந்தது. ‘நடனமணியின் முகத்தில் பாவம் வெளிப்பட வேண்டும்’ என்ற வரியில், உணர்ச்சி வெளிப்பாடு என்ற பொருளில், ‘பாரதம்’ என்பதன் முதலெழுத்தைப் போல ஒலிக்க வேண்டிய சொல்லை அந்தக் குரல் பாவ புண்ணியத்தில் வரும் பாவமாகவே வாசித்துவிட்டது. முன்வரிசையில் இருந்த சிறுவன் கையைத் தூக்கி, “அந்த அக்கா என்ன பாவம் செஞ்சாங்க?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது, நானும்தான்.

அந்தக் காணொளியைத் தயாரித்த இளம் ஆசிரியரை நான் குறைசொல்ல மாட்டேன். பயிற்சித்தாள்களைத் திருத்தி முடித்த பிறகு, இரவு பதினொரு மணிக்குமேல் தனியாக உட்கார்ந்து செய்த வேலை அது. பாடநூலில் ஒரு வரி அச்சாகுமுன் நான்கைந்து பேருடைய கண்ணில் படுகிறது. காணொளியோ ஒருவருடைய மடிக்கணினியிலிருந்து நேராக வகுப்பறைத் திரைக்குப் போய்விடுகிறது, இடையில் யாரும் அதைக் காதுகொடுத்துக் கேட்பதில்லை. இந்த இடைவேலையைச் செய்ய வேண்டியவை தமிழாசிரியர்களின் தொழில்முறை அமைப்புகளே என்பது என் கருத்து.

சிங்கப்பூரில் கல்வித் தொலைக்காட்சி 1967ஆம் ஆண்டு தொடங்கியது. நான் பணியில் சேர்ந்த காலத்தில் ஒலி, ஒளி அறையின் தொலைக்காட்சிப் பெட்டி, பூட்டுப் போட்ட மர அலமாரிக்குள் இருக்கும். சாவி அலுவலகத்தில் இருக்கும். ஒளிபரப்பு நேரத்தைப் பார்த்து, மாணவர்களை வரிசையாக அழைத்துச் சென்று அமர வைப்பதற்குள் முதல் இரண்டு நிமிடம் ஓடிவிடும். பின்னர் 1980இல் அமைந்த பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகம், ஆசிரியர்கள் ‘சிடிஐஎஸ்’ என்றே அழைத்த நிலையம், 1996 வரை பாடநூல்களையும் ஒலி, ஒளித் துணைக்கருவிகளையும் தயாரித்தது. என் கைக்கு வந்த ஒலிநாடாக்களோடு ஆசிரியர் குறிப்பு ஒன்றும் வரும். எங்கே நிறுத்த வேண்டும், நிறுத்திய பிறகு என்ன கேட்க வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். இன்று உயர்நிலை மாணவர் ஒவ்வொருவரிடமும் ஒரு மின்கருவி இருக்கிறது. 2018 முதல் பள்ளிகளில் மாணவர் கற்றல் தளம் என்ற இணையத்தளமும் இருக்கிறது. இணையத்தில் தமிழ்க் காணொளிகள் கொட்டிக் கிடக்கின்றன. அந்தக் குறிப்புத்தாள்தான் இல்லை.

மற்ற பாடங்களைவிடத் தமிழுக்கு இந்தக் குறை அதிகம் வலிக்கும். நம் மொழியில் எழுதுவது ஒன்று, பேசுவது வேறு. ‘அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று பாடநூல் அச்சிட்டுக் காட்டலாம். ‘அவங்க வந்துக்கிட்டிருக்காங்க’ என்பதை ஒரு குழந்தை காதால் கேட்டுத்தான் பழக முடியும். வீட்டில் பாட்டியிடம் கேட்டுப் பழகிய தலைமுறை குறைந்து, வரவேற்பறையில் ஆங்கிலம் குடியேறிவிட்ட பிறகு, பேச்சுத்தமிழ் அந்தக் குழந்தையின் காதில் விழும் முக்கிய இடங்களில் ஒன்றாக வகுப்பறை ஆகிவிட்டது. பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் உரிய இடம் தர வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பரிந்துரைத்ததும் இதை உணர்ந்துதான். வாய்மொழித் தேர்விலும் இப்போது மாணவர்கள் காணொளியைப் பார்த்துவிட்டே உரையாடுகிறார்கள். அப்படியிருக்க, நாம் போட்டுக் காட்டும் காணொளிகளில் பல செய்தி வாசிப்பதைப் போன்ற எழுத்துத்தமிழில் இருக்கின்றன. இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் அங்குள்ள பிள்ளைகளுக்காக எடுக்கப்பட்டவையாக இருக்கின்றன. அவற்றில் தரமானவை நிறைய உண்டு என்பதை மறுக்கவில்லை. எனினும், ஆட்டோவில் ஏறிச் சந்தைக்குப் போகும் குடும்பத்தைக் காட்டிவிட்டு, தேக்கா சந்தையில் மீன் வாங்குவதைப் பற்றிப் பேசு என்றால், ஈசூன் அடுக்குமாடி வீட்டுப் பிள்ளை என்ன பேசும்? கோப்பிக்கடையில் “அண்ணே, தே தாரே ரெண்டு, ஒண்ணு சீனி கம்மியா” என்று கேட்கும் இரண்டு நிமிடக் காட்சி அந்தப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பாடம்.

ஆசிரியர்களின் அமைப்புகள் இத்தகைய பொறுப்பை ஏற்பது உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்கத் தேசியக் கல்விச் சங்கத்தில் 1923ஆம் ஆண்டே காட்சிவழிக் கற்பித்தலுக்கென ஒரு பிரிவு அமைந்தது. 1947இல் அது ஒலி, ஒளிக் கற்பித்தல் பிரிவாகப் பெயர் மாறி, 1970களின் தொடக்கத்தில் கல்வித் தொடர்பியல், தொழில்நுட்பச் சங்கம் என்ற பெயரைப் பெற்றது. 1953 முதல் ஆய்விதழும் நடத்தியது. அனைத்துலகக் கல்வி ஊடக மன்றம் 1950இல் உருவானது. படம் காட்டும் கருவியை வாங்குங்கள் என்று பிரசாரம் செய்வதற்கு வணிகர்களே போதும். எந்தப் படம் எந்தப் பாடத்துக்கு உதவும், எது உதவாது என்று அலசத்தான் துறைசார்ந்த அமைப்பு தேவைப்படுகிறது.

அலசாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் அனுபவத்திலேயே சான்று உண்டு. ‘படிப்பதில் 10 விழுக்காடுதான் நினைவில் நிற்கும், கேட்பதில் 20, பார்ப்பதில் 30’ என்று ஏறிக்கொண்டே போகும் கூம்புப் படத்தைப் பயிற்சிப் பட்டறைகளில் பார்க்காத ஆசிரியர் அநேகமாக இருக்க மாட்டார். எட்கர் டேல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1946இல் வெளியிட்ட அனுபவக் கூம்புதான் அதன் மூலம். ஆனால் டேலின் கூம்பில் இந்த எண்கள் கிடையாது. பின்னால் வந்தவர்கள் ஒட்டிவிட்டவை அவை. கூம்பை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவரே எச்சரித்திருக்கிறார். நானும் ஒருமுறை அந்த எண்களைப் பெரிய எழுத்தில் போட்டுப் பெற்றோர்முன் முழங்கியவன்தான். ‘அது தவறு’ என்று சொல்ல அன்று எனக்குச் சக ஆசிரியர் அமைப்பின் ஒரு பக்கக் குறிப்பாவது கிடைத்திருந்தால் அந்த வெட்கம் மிச்சமாகியிருக்கும்.

நம்மிடம் 1951 முதல் இயங்கிவரும் சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கம் இருக்கிறது. கூடிப் பேச உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. ஆறேழு பேர் கொண்ட குழு ஒன்று தவணைக்கு இருமுறை கூடி, புழக்கத்தில் இருக்கும் காணொளிகளையும் ஒலிப்பதிவுகளையும் கேட்டு, தகுந்தவற்றுக்கு இரண்டு பக்கப் பட்டியல் வெளியிட்டால் போதும். எந்த வகுப்புக்கு ஏற்றது, பேச்சுத்தமிழா எழுத்துத்தமிழா, லகர ழகர ளகரம் சரியாக ஒலிக்கிறதா, எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம் என்பன அதில் இருக்க வேண்டும். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் தமிழில் பேசியவர்களின் குரல்களும் உள்ளன. ஜப்பானியர் காலத்தையோ பழைய சிராங்கூன் சாலையையோ நினைவுகூரும் அத்தகைய குரலிலிருந்து மூன்று நிமிடத்தைப் பாடமாக்கலாமா என்று பார்ப்பதும் இந்தக் குழுவின் வேலையாகலாம். காப்புரிமைச் சிக்கல் பற்றி ஆசிரியர்கள் பலர் தயங்குகிறார்கள். 2021ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், இணையத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கும் ஆக்கங்களைப் பள்ளிகள் கற்பித்தலுக்குப் பயன்படுத்த, மூலத்தைக் குறிப்பிடுவது போன்ற நிபந்தனைகளோடு இடம் தருகிறது. அந்த நிபந்தனைகளை எளிய தமிழில் ஒரு தாளில் விளக்கினாலே பாதித் தயக்கம் போய்விடும்.

இதெல்லாம் கல்வி அமைச்சு செய்யும் வேலைதானே என்று சிலர் கேட்கலாம். அமைச்சு தன் பாடத்திட்டத்துக்கான வளங்களைச் செய்துவருகிறது. துணைப்பாட நிலையம், சமூக மன்ற வகுப்பு, நூலகக் கதைநேரம், வீட்டில் கைப்பேசியைக் கொடுக்கும் பெற்றோர் என்று அதற்கு வெளியே புழங்கும் காணொளிகளை யார் கேட்பது? ஆசிரியர்களுக்கு நேரமில்லை என்ற மறுப்பு நியாயமானது. ஓய்வுபெற்றவர்களுக்கு நேரம் உண்டு, காதும் இன்னும் கேட்கிறது. மேலும், துறை அறிந்தவர்கள் தாமாகக் கூடி வழி வகுப்பது இந்த ஊருக்குப் பழக்கமானதே. கணினியில் தமிழ் சிதறிக் கிடந்த காலத்தில், கணினித் தமிழ் முன்னோடி அமரர் நா. கோவிந்தசாமி 1997 மே மாதம் இங்கே கூட்டிய மாநாட்டைத் தொடர்ந்துதான் தமிழ் இணைய மாநாடுகள் வளர்ந்தன. 2000ஆம் ஆண்டு ‘உத்தமம்’ எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமும் சிங்கப்பூரிலேயே உருவானது.

தமிழாசிரியர் சங்கம் இப்படியொரு குழுவை அமைக்குமானால், என்னுடன் பணியாற்றி ஓய்வுபெற்ற மூவரும் நானும் சனிக்கிழமைப் பிற்பகல்களில் வரத் தயாராக இருக்கிறோம். முதலில் கேட்க ஒரு பதிவும் இருக்கிறது. அந்தப் பரதநாட்டியப் பாடத்தைத் தயாரித்த ஆசிரியர், அதைத் தம் சொந்தக் குரலிலேயே மறுபடி பதிவுசெய்து எனக்கு அனுப்பியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
ஈசூன்