ஏணி பிடித்த கை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அக்காளின் பெரியவனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. மற்ற சேதிகளைப் பிறகு எழுதுகிறேன். உன் கட்சி மாநாடு முடிந்து இன்றோடு 11 நாட்கள் ஆகின்றன. மாநாட்டு வேலையைவிட மாநாட்டுக்குப் பிறகு வரும் வேலைதான் அதிகம் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவளும் அதை நம்புகிறவளைப்போலத் தலையாட்டிவிட்டு, கைப்பேசி ஒலிக்கும்போதெல்லாம் முழங்கால் வலியையும் மறந்து எனக்கு முன்னால் எழுந்து போகிறாள்.

உன் தலைவர் பேசியதை முதலிலிருந்து கடைசிவரை தொலைக்காட்சியில் கேட்டேன். பழக்கம் விடுமா? கிழித்த நாட்காட்டித் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்தேன். ஓய்வுபெற்று இத்தனை ஆண்டுகள் ஆகியும் விரல் தானாகவே குறிகளைப் போட்டது. மேடைக்குக் கீழே சவுக்குக் கட்டைத் தடுப்பை ஒட்டி உட்கார்ந்து, எல்லாக் கட்சிக்காரர்களின் பேச்சையும் சுருக்கெழுத்தில் எடுத்து, தட்டச்சு செய்து காவல் துறைக்குக் கொடுத்தே 34 ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பேச்சு நன்றாக இருந்தது. எங்கே மூச்சு வாங்கவேண்டுமோ அங்கே வாக்கியம் முடிந்தது. எங்கே கைதட்டல் வருமோ அங்கே ஒரு நொடி இடம் விடப்பட்டிருந்தது. எழுதிக்கொடுத்தவனுக்குப் பேசுகிறவரின் மூச்சு தெரிந்திருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குப் பெருமையாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

அதன்பின் அந்த வாக்கியம் வந்தது. "ஏணி பிடித்த கைக்கும் ஒருநாள் மாடி பார்க்க ஆசை வரும்." வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆத்தா அதை யாரைப் பார்த்து, எந்த நாளில் சொன்னாள் என்பது உனக்கும் தெரியும். சித்தப்பா வீட்டில் இன்றுவரை யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. நம் வீட்டுக்கு வெளியே நான் கேட்டிராத சொல் அது. அது எப்படி அந்த மேடைக்குப் போய்ச் சேர்ந்தது என்று நான் உன்னைக் கேட்கப்போவதில்லை.

ஊர் என்ன பேசுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். சென்னையில் உன்னைச் சுற்றியிருப்பவர்கள் நீ கேட்க விரும்புவதைத்தான் சொல்லுவார்கள். மறுநாள் காலையில் சத்திரம் பேருந்து நிலையத்துச் சுவரில் "மாடி அழைக்கிறது" என்று சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். உன் தலைவர் ஆளுயரம் நிற்கிறார். கட்சித் தலைவரின் படம் மேல் மூலையில் அஞ்சல்தலை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. படம் சுருங்குவதுதான் முதல் அறிகுறி என்று எங்கள் துறையில் சொல்வோம். தேநீர்க் கடையில் கேட்டால், பத்தாண்டுகளாகப் பக்கத்தில் நின்றவருக்கு இப்போதுதான் கை வலித்ததா என்று ஒருவர் சிரிக்கிறார். உழைத்தவன் கேட்காமல் வீட்டில் பிறந்தவனா கேட்பான் என்று இன்னொருவர் சண்டைக்கு வருகிறார். காலை நடைக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர், முன்வரிசையில் இருந்தவர்கள் யார் யாரைப் பார்த்துக்கொண்டு கை தட்டினார்கள் என்பதை மட்டுமே கவனித்திருக்கிறார். நியாயவிலைக் கடை வரிசையில் நின்ற பெண்களுக்கு ஏணியும் தெரியவில்லை, மாடியும் தெரியவில்லை. பருப்பு எப்போது வரும் என்று அவர் சொன்னாரா என்று என்னைக் கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. பேச்சில் குறை என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் நான் அதைத்தான் சொல்வேன்.

கைதட்டலைப் பற்றியும் சொல்லவேண்டும். வாகனத்தில் ஏற்றிவந்த கூட்டத்தின் கைதட்டல் முன்வரிசையில் தொடங்கிப் பின்னால் போகும். தானாக வந்த கைதட்டல் பின்னாலிருந்து, நின்றுகொண்டிருப்பவர்களிடமிருந்து புறப்பட்டு முன்னே வரும். அந்த ஏணி வாக்கியத்துக்குக் கைதட்டல் பின்னாலிருந்துதான் வந்தது. முன்வரிசையில் பலர் கையை மடியிலேயே வைத்திருந்தார்கள். கேமரா அவர்கள்மீது ஒருமுறை ஊர்ந்துவிட்டு அவசரமாகத் திரும்பிக்கொண்டது. என் பயம் முழுவதும் அந்த முன்வரிசையைப் பற்றியது. மக்களின் கருத்து மாறுவதற்கு மாதங்கள் ஆகும். முன்வரிசை அன்று இரவே கூடி முடிவெடுத்துவிடும்.

இதே திருச்சியில் 1956 தி.மு.க. மாநாட்டில் அண்ணா, "தம்பி வா, தலைமையேற்க வா" என்று நெடுஞ்செழியனை அழைத்த கதையை உனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! சிறுவனாக இருந்தபோது, தம்பி என்று நான் கூப்பிட்டால் "தலைமையேற்கவா?" என்று கேட்டுக்கொண்டே வருவாய். அங்கே தலைமையில் இருந்தவரே எழுந்து அழைத்தார், அழைக்கப்பட்டவர் கேட்கவில்லை. அப்படியிருந்தும் 1969இல் அண்ணா மறைந்தபோது இடைக்கால முதலமைச்சராகச் சில நாட்கள் இருக்கத்தான் நெடுஞ்செழியனால் முடிந்தது, எம்.ஜி.ஆர். மறைந்தபோதும் அதே இடைக்காலப் பொறுப்புத்தான் அவருக்கு மறுபடியும் வாய்த்தது. மாநாட்டு மேடையில் கொடுக்கப்பட்ட தலைமைக்கே இந்தக் கதி என்றால், மேடையில் கேட்கப்படும் தலைமையைப் பற்றி என்ன சொல்வது?

நீ எம்.ஜி.ஆரைச் சொல்லுவாய். 1972இல் திருக்கழுக்குன்றத்தில் அவர் கட்சியின் கணக்கைக் கேட்டார், சில நாட்களில் நீக்கினார்கள், அந்த மாதமே கட்சி தொடங்கினார், மறு ஆண்டு திண்டுக்கல் இடைத்தேர்தலில் ஆளுங்கட்சியை மூன்றாம் இடத்துக்குத் தள்ளினார். எல்லாம் சரி. நீக்கப்படுகிற ஒவ்வொருவரும் தன்னைத் திண்டுக்கல்லுக்குப் போகிறவராகவே நினைத்துக்கொள்கிறார். அவரைவிடப் பெரிய நடிகரென்று பலர் சொல்லும் சிவாஜி 1988இல் தனிக்கட்சி கண்டு, மறு ஆண்டு திருவையாற்றில் தானே தோற்றதை யாரும் எடுத்துக்காட்டாகச் சொல்வதில்லை. 1961இல் தி.மு.க.விலிருந்து பிரிந்துபோன ஈ.வெ.கி. சம்பத்தின் பேச்சுக்குக் குறைவான கூட்டமா கூடியது? அவர் தொடங்கிய கட்சி சில ஆண்டுகளில் காங்கிரசோடு கலந்தது. கேட்பதற்குக் கூடும் கூட்டம் வேறு, வாக்குச்சாவடிக்கு வரும் கூட்டம் வேறு என்பதை நான் கண்ணால் கண்டவன்.

உன் தலைவருக்குச் சட்டமன்றப் பதவியும் இருக்கிறது. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தை அவர் படித்திருப்பார் என்று நம்புகிறேன். மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் தப்பலாம் என்று முன்பு இருந்த வழியை 2003இல் அடைத்துவிட்டார்கள். கட்சி நீக்கினாலும் அவையில் அவர் பழைய கட்சிக்காரராகவே கருதப்படுவார் என்பது 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அவருக்காவது பதவி, வழக்கறிஞர், வாகனம் எல்லாம் இருக்கின்றன. எழுதிக்கொடுத்தவனுக்கு என்ன இருக்கிறது? பேச்சு வென்றால் பேசியவருடையது. தோற்றால் யார் எழுதிக் கொடுத்தது என்று தேடுவார்கள். ஆகையால் கையால் எழுதிய படியை, அடித்தல் திருத்தலோடு, தேதி போட்டுப் பத்திரமாக வைத்துக்கொள். எந்த வரியை நீ எழுதினாய், எந்த வரியை அவர் சேர்த்தார் என்பது தெரியும்படி இருக்கட்டும். கணினியில் அழித்து எழுதினால் அழித்தது தெரியாது. அதனால்தான் கையால் எழுதிய படி என்று சொல்கிறேன். உனக்கு நல்ல வேலை இருந்தது, அதை விட்டுவிட்டு இதற்குப் போனாய் என்று நான் மறுபடியும் தொடங்கப்போவதில்லை. படியை மட்டும் கிழித்துவிடாதே.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று நீ எரிச்சல் படுவாய். அம்மாவுக்கும் தெரியாத ஒன்றை எழுதவேண்டியிருக்கிறது.

நீ பிறப்பதற்கு ஓராண்டுக்கு முன்பு, ஒரு கட்சியின் மாவட்ட மாநாடு. எந்தக் கட்சி, எந்த ஊர் என்பது வேண்டாம். இரண்டாம் கட்டத் தலைவர் ஒருவர் பேசினார். நல்ல பேச்சாளர், எங்களைப் போன்றவர்களை மதித்து மேடையிலிருந்து தண்ணீர் அனுப்புகிறவர். தூறல் தொடங்கியிருந்தது. தாள் நனைந்து பென்சில் வழுக்கியது. வேகத்தில் நாங்கள் சில குறிகளை விட்டுவிடுவோம். பிறகு இடம் பார்த்துப் படித்துக்கொள்வோம். இரவு தட்டச்சுக்கு உட்கார்ந்தபோது ஒரு சொல் தெளிவாக இல்லை. "தலைமை தவறினால் தொண்டன் கேட்பான்" என்றாரா, "தலைமை தவறினதால் தொண்டன் கேட்பான்" என்றாரா? ஒன்று எச்சரிக்கை, மற்றது குற்றச்சாட்டு. ஒலிபெருக்கிக்காரரிடம் ஓடினேன், அவருடைய ஒலிநாடா அந்த இடத்தில்தான் முடிந்து திருப்பிப் போடப்பட்டிருந்தது. சொல் தெளிவில்லை என்று ஓரத்தில் எழுதியிருக்கலாம். விதிப்படி அப்படித்தான் எழுதவேண்டும். எழுதினால் மேலதிகாரி என் வேகத்தைக் குறைசொல்வார் என்று நினைத்தேன். பேசியவருக்குத் தலைமைமேல் ஆசை என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். ஊர் சொன்னதை நம்பி, "தவறினதால்" என்று அடித்துக் கொடுத்துவிட்டேன்.

மூன்று வாரத்தில் அந்த வாக்கியம் ஒரு பத்திரிகையில் எழுத்துப் பிசகாமல் வந்தது. என் தாளிலிருந்து எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சொல் என் தாளில் மட்டுமே இருந்தது. அதைக் காட்டியே அவரை நீக்கினார்கள். அதன்பிறகு அவர் எந்த மேடையிலும் ஏறவில்லை.

நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அதே சத்திரம் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். கையில் காய்கறிப் பை. என்னை அடையாளம் கண்டுகொண்டு நலம் விசாரித்தார். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, அந்தப் பேச்சில் ஒரு சொல் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்தார். "தவறினதால் என்றுதான் சொல்லியிருப்பேன் தம்பி. எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்றார். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டார். அவரிடம் எழுதிவைத்த படி ஒன்று இருந்திருந்தால், தான் என்ன சொன்னோம் என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

அம்மா மின்விசிறியை நிறுத்திவிட்டு, இன்னுமா எழுதுகிறீர்கள் என்று கேட்கிறாள். உன் படியை நகலெடுத்து எனக்கு ஒன்று அஞ்சலில் அனுப்பு. நாட்காட்டித் தாளில் நான் எடுத்ததோடு ஒப்பிட்டுப் பார்த்து வைக்கிறேன். இரண்டு இடங்களில் எனக்குச் சொல் தெளிவில்லை, அவற்றை ஓரத்தில் குறித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா